மஞ்சள் மூக்குத்துணி

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்து பேசவே எனக்கு வராது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் காய் அரிகிற பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன், அங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் வாசகசாலை மலருக்கு ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரச் சொன்னபோது, எனக்கென்ன அனுபவம் இருக்கிறது என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்ததில், யுத்த காலத்தில் எங்கள் ஊருக்குப் பிளேக் வந்தபோது மூக்குத்துணி விற்றது நினைவுக்கு வந்தது. பிளேக் என்றால் எல்லோரும் எலியைச் சொல்வார்கள், ஊசியைச் சொல்வார்கள். துணி விற்றதைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளவும்.

எங்கள் ஊர் ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகிற சாலையை ஒட்டியது. மஞ்சள் விளைகிற பூமி. என் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் ஒரு மிஷின் வைத்திருந்தார். யுத்தத்தில் துணி கிடைக்காமல் போனதால், புதுச் சட்டை தைத்தே பல மாதம் ஆகியிருந்தது. கிழிசல் தைப்பதும், பெரியவர்கள் சட்டையைச் சின்னவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பதும்தான் வேலை. எங்களுக்கு ஒரே பெண் குழந்தை, அப்போது நான்கு வயது.

தெருவில் எலி விழ ஆரம்பித்ததும் என் அக்காள் ராசிபுரத்திலிருந்து வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காள் வீட்டில் பட்டுத்தறி. “நீயும் வந்துருடி” என்றாள். மிஷினைப் போட்டுவிட்டு எப்படி வருவது, ஒரு வாரத்தில் வண்டி பிடித்து மிஷினோடு வந்துவிடுகிறோம் என்று சொன்னேன். குழந்தை பஸ்ஸில் ஏறும்போது அழவில்லை. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் சாலையில் மூங்கில் போட்டுவிட்டார்கள்.

மூங்கில் என்றால் ஊர் முகப்பில் இருந்த பாலத்தின் மேல் குறுக்காகக் கட்டிய ஒரு கட்டை. அதற்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும். பின்னால் கரி அடுப்பு வைத்த பஸ்; காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ராசிபுரத்திலிருந்து வந்து உடனே திரும்பிப் போகும். இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரரும் சுகாதார இன்ஸ்பெக்டரும் இருப்பார்கள். இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. எலி விழுந்த வீடுகளைப் பூட்டி, அந்தக் குடும்பங்களைக் காட்டில் குடிசை போட்டு இருக்கச் சொன்னார். நோய் கண்டவர்களுக்கு ஏரிக்கரை ஓரம் ஒரு கொட்டகை. எங்கள் வீட்டில் எலி விழவில்லை, அதனால் தெருவிலேயே இருந்தோம்.

வழக்கமாகப் பிளேக் என்றால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். அந்தத் தடவை சிலருக்கு நெறியே கட்டாமல் இருமலாக வந்தது. அது மூச்சுக்காற்றில் பரவுகிறது, ஆகவே யாராக இருந்தாலும் நாலு மடிப்புத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் மூங்கிலைத் தாண்டலாம் என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டார். ஊசி போட்டிருக்க வேண்டும், உடம்பில் காய்ச்சல் இருக்கக்கூடாது, மூக்குத்துணி கட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் போகலாம். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஊசிக்கு முதல் ஆளாகக் கையை நீட்டினேன்.

இன்ஸ்பெக்டர் சேலத்திலிருந்து மல் துணி வரவழைத்து என் கணவரிடம் கொடுத்தார். நாலு மடிப்பு, நாலு நாடா. இரண்டு நாடாவைப் பின்னங்கழுத்திலும் இரண்டு நாடாவை உச்சந்தலையிலும் கட்ட வேண்டும். இரண்டே நாளில் கூடை நிறையத் தைத்துவிட்டார். வாசலில் கொடி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டோம். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

ஒருவரும் வாங்கவில்லை.

எதிர்வீட்டில் என் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்காள் இருந்தார். புருஷனின் அக்காளை நங்கை என்பது எங்கள் வழக்கம். எருமை வைத்து நெய் உருக்கி ராசிபுரத்துக்கு அனுப்புகிறவர். ஊரிலேயே நீளமான நாக்கு அவருக்கு. வாசலில் வந்து நின்று கொடியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன்டா தம்பி, ஊட்டு முன்னால இத்தன வாய்க்கட்டத் தொங்க உட்டுருக்கறயே, இன்னிக்கு யாரார எடுக்கறாங்க?”

“அக்கா, அது சீக்கு வராம இருக்கறதுக்கு.”

“வராம இருக்கறதுக்கா? வந்து முடிஞ்சவங்களுக்கல்லோ இதக் கட்டுவாங்க! உசுரோட இருக்கறவ வாயில வெள்ளத்துணியச் சுத்திக்கிட்டுப் போனா, வழியில பாக்கறவன் நாலு காசு போட்டுட்டுத் தலமுழுகிப் போட்டுப் போயிருவான்.”

அவர் சொன்னதுதான் ஊர் முழுக்க மனதில் இருந்தது. செத்தவர்களுக்குத் தாடை தொங்காமல் இருக்க வெள்ளைத் துணியால் வாயைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைத்தான் வாய்க்கட்டு என்போம். இன்ஸ்பெக்டர் சொன்ன முடிச்சும் உச்சந்தலையில்தான் வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு இது தெரியவில்லை. விலை கூடுதலாக இருக்கிறது என்று நினைத்தார். பாதி விலைக்குக் கொடுக்கச் சொன்னார். அப்போதும் போகவில்லை. பிறகு, “சும்மாவே கொடுத்திடுங்க, துணிக்கான காசை நான் எழுதி வாங்கிக்கிறேன்” என்றார். அதற்கப்புறம் தெருவில் போகிறவர்கள் எங்கள் வாசலை விட்டு அந்த ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். “விலைக்குக் குடுத்தான், சரி. இப்பச் சும்மா குடுக்கறான்னா அதுல என்னமோ இருக்குதுங்க” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். ஒரே ஒருவர் வந்து ஒன்று எடுத்துக்கொண்டார். கொட்டகையிலிருந்து பிணம் தூக்குகிறவர். அவர் அதைக் கட்டிக்கொண்டு தெருவோடு போன பிறகு மிச்சம் இருந்த கொஞ்ச நஞ்ச பேச்சும் நின்றுவிட்டது.

மூக்குத்துணி இல்லாமல் மூங்கிலைத் தாண்ட முடியாது. மூக்குத்துணியை யாரும் தொடவும் மாட்டார்கள். ஆகவே ஊர் அப்படியே உள்ளே அடைந்து கிடந்தது. வெளியூர் வியாபாரிகள் வராமல் மஞ்சள் மூட்டை மூட்டையாகக் களத்தில் கிடந்தது. விலை கேட்க ஆள் இல்லை. நங்கையின் நெய் பானையிலேயே காறிக்கொண்டிருந்தது. நான் தினமும் பஸ் வருகிற நேரத்துக்குப் பாலம் வரைக்கும் போய் நிற்பேன். கண்டக்டர் நல்லவர். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, “பாப்பா நல்லா இருக்குதுங்க, தறிக்குழியில எறங்கி வெளையாடுதாம்” என்று கத்திச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு திரும்புவேன்.

ஒரு நாள் என் கணவர் வெளியே போயிருந்தபோது, கொடியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வாயில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. குழந்தையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், யார் என்ன சொன்னாலும் கட்டிக்கொண்டு போவது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முடிச்சுப் போடக் கை மேலே போகவில்லை. தாலியோடு இருக்கிறவள், பெற்ற பிள்ளையைப் பார்க்க இந்தக் கோலத்திலா போவது என்று கை நின்றுவிட்டது. அம்மிக்குப் பக்கத்தில் மஞ்சள் அரைத்த கிண்ணம் இருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். துணியை அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன்.

“இன்ஸ்பெட்டரு திட்டப் போறாரு” என்றார் என் கணவர், வந்து பார்த்துவிட்டு.

“கேட்டுத்தான் பாருங்களேன்.”

கேட்டார். மஞ்சள் கிருமிக்கு ஆகாததுதானே, தாராளமாகத் தோய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

கொடியில் மற்றதெல்லாம் வெள்ளையாக இருக்க, இது ஒன்று மட்டும் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்ததை நங்கை பார்த்துவிட்டார். சாணி வழித்த கையோடு தெருவைத் தாண்டி வந்தார்.

“இதென்ன அம்மணி?”

சொன்னேன்.

“மூஞ்சில வையி, பாக்கலாம்.”

வைத்தேன். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அட, சீருக்கு உக்காந்த பொண்ணாட்டம் இருக்கறயே! பேசாம வாய மூடிக்கிட்டு இருக்கற உனக்கு இது தோதுதான். எனக்கொண்ணு நனச்சுப் போடு. நெய்யி நாத்தம் எடுக்குது.”

மறுநாள் காலையில் அவர் மஞ்சள் மூக்குத்துணி கட்டிக்கொண்டு நெய்ப்பானையோடு மூங்கிலைத் தாண்டிப் போனார். சாயங்காலம் காலிப் பானையோடு திரும்பினார். ராசிபுரத்தில் நெய்க்கு இருந்த தட்டுப்பாட்டில் கேட்ட விலை கிடைத்தது என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். விளக்கு வைப்பதற்குள் எங்கள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சும்மா கொடுத்தபோது தொடாத அதே துணியை, ஒரு கை மஞ்சள் ஏறியதும் விலை சொல்லச் சொல்ல வாங்கினார்கள். முதலில் வெளியூர் போகிறவர்கள் வாங்கினார்கள். பிறகு போகாதவர்களும் வாங்கினார்கள். தெருவில் பத்துப் பேர் கட்டியிருக்கும்போது கட்டாமல் ஒருத்தி வந்தால், இவள் வீட்டில் என்னவோ இருக்கிறது என்று மற்றவர்கள் விலகிப் போனார்கள். அந்தப் பயத்திலேயே அவள் அன்றைக்கே வந்து வாங்கினாள். நோய்க்குப் பயந்து வாங்கியவர்களைவிடப் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணுக்குப் பயந்து வாங்கியவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு ஒன்று வாங்கி வெளியே போகிறவர் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்ட வீடுகளும் உண்டு. மாமியாரின் துணியை மருமகள் கட்டமாட்டேன் என்று சண்டை வந்த பிறகு அந்த வீட்டிலும் ஆளுக்கொன்று ஆனது.

“எனக்குக் கெட்டி மஞ்சளா வேணும். அவளுது பாரு, எப்பிடிப் பளிச்சுனு இருக்குது. என்னுது வெளுத்துப் போயிக் கெடக்குது.”

“அவுங்க ரெண்டு தடவ நனைக்கச் சொன்னாங்க.”

“அப்ப எனக்கு மூணு தடவ நனச்சுக் குடு. காசு நானும் குடுக்கறேன், அவ மட்டுந்தான் குடுக்கறாளா?”

இப்படி மஞ்சளின் அழுத்தத்துக்கு ஒரு விலை வந்தது. ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டியதற்கு இன்னொரு விலை. இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த மல் தீர்ந்துபோனது. யுத்த சமயத்தில் வேறு மல் எங்கே கிடைக்கும்? ஜவுளிக்கடைக்காரர் உள்ளறையில் வைத்திருந்த கட்டை எடுத்து, மாப்பிள்ளை வேட்டிக்குச் சொல்கிற விலையை அதற்குச் சொன்னார். நல்ல பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்துத் தைக்கலாம் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். எவர் இடுப்பில் கட்டியதோ, அதை வாயில் வைப்பதா என்று முகம் சுளித்தார்கள். துணி குறையக் குறைய நாலு மடிப்பு மூன்றானது. இன்ஸ்பெக்டர் மூங்கிலில் நின்று விரலால் நெருடிப் பார்த்து மடிப்பை எண்ண ஆரம்பித்ததும் மறுபடியும் நாலானது. களத்தில் கேட்பாரில்லாமல் கிடந்த மஞ்சளுக்குக்கூடச் சில்லறையில் விலை ஏறிவிட்டது.

காட்டு வேலைக்கு வருகிறவர்களும் மூக்குத்துணி கட்டி வர வேண்டும் என்று பண்ணையக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் எங்கே போவார்கள்? பண்ணையக்காரர்களே மொத்தமாக வாங்கிக் கொடுத்தார்கள், கூலித் தானியத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பு ஓரம் இல்லாதது, ஒரே தடவை நனைத்தது. அதை வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு பெண் என்னிடம், “கூலியக் கொறச்சு வாய மூடிட்டாங்க, நல்லதுக்குத்தானுங்க அம்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு மட்டும் இன்னொரு தடவை மஞ்சளில் முக்கிக் கொடுத்தேன்.

நான் ராசிபுரம் போகலாம் என்று தினமும் காலையில் கேட்பேன். என் கணவர் மிஷினை நிறுத்தாமலே பதில் சொல்வார். “ஊரே வாசல்ல நிக்குது. நீ போயிட்டா யாரு மஞ்சள் அரைக்கறது? வெள்ளி போகட்டும், நானும் ஊசி போட்டுக்கறேன், சேர்ந்தே போயிரலாம்.” அவர் பேராசைக்காரர் இல்லை. மாதக்கணக்கில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த மனுஷருக்கு வேலை வந்திருந்தது. பாட்டுக்கூடப் பாடினார். கண்டக்டர் பாப்பா நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் நானும் அரைத்தேன். கையெல்லாம் மஞ்சளாகி, சோறு பிசைந்தாலும் மஞ்சள் வாசம் வந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வேறொன்று நடந்தது. மாரியம்மன் கோயில் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். ஊரில் ஆணும் பெண்ணும் முகத்தில் மஞ்சள் கட்டியிருக்கிறார்கள். கொட்டகைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. துணியால் குறைந்ததா, ஊசியால் குறைந்ததா, எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை.

“ஆத்தாளோட மஞ்சளக் கேட்டா கட்டுனோம்? அவளாக் கட்ட வெச்சிருக்கறா. கட்டுனது காப்புதான். இதுக்கு மேல கம்பம் நடாம இருந்தா அவ சும்மா இருப்பாளா?” என்றார் பூசாரி.

கம்பம் என்பது மூன்று கிளையாகக் கவைத்த ஒரு மரம். அதைக் கோயில் முன்னால் நட்டு, தினமும் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். அதைப் பிடுங்கி ஆற்றில் விடுகிற வரைக்கும், காப்புக் கட்டியவர்கள் இரவு ஊர் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது. தங்கினால் அம்மனின் கோபம் தங்கியவர்மேல் வராது, ஊரில் இருக்கிறவர்கள்மேல் வரும். வழக்கமாக நோன்புக்குக் காப்புக் கட்டுகிறவர்கள் கையில்தான் கட்டுவார்கள். இந்த முறை ஊர் முழுவதும் வாயில் கட்டியிருந்தது. அன்று சாயங்காலமே கம்பம் நட்டார்கள். தப்பு அடித்தது வீடு வரைக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோரும் மூக்குத்துணி கட்டியிருக்கிறார்கள், ஒருவரும் வெளியே போய்த் தங்குவதில்லை. இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை என்று என் கணவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

அதற்கு அடுத்த நாள் பாலத்தில் கண்டக்டர் கத்தவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி மூங்கில் வரைக்கும் வந்தார்.

“அம்மா, உங்க பாப்பாவுக்கு ரெண்டு நாளாக் காச்சலுங்களாம். அக்கா சொல்லச் சொன்னாங்க. கொஞ்சம் இருமலும் இருக்குதுங்களாம்.”

எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. என் கணவர் ஊசி போட்ட காய்ச்சலில் படுத்திருந்தார்; அந்த உடம்போடு அவரை மூங்கிலைத் தாண்ட விடமாட்டார்கள். எழுந்து உட்கார்ந்து, “போ, நீ போ” என்றார். மறுநாள் காலையில் என் மூக்குத்துணியைக் கட்டிக்கொண்டு, ஊசிச் சீட்டை எடுத்துக்கொண்டு, நாலு நாளைக்கு வேண்டிய துணியை மூட்டை கட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் சீட்டைப் பார்த்தார், மடிப்பை நெருடினார், போலீஸ்காரரிடம் தலையை ஆட்டினார். மூங்கில் மேலே போனது.

எனக்குப் பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். மூட்டையைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது அவர்களுக்கு. நங்கை முன்னால் வந்தார்.

“மூட்ட எதுக்கு அம்மணி?”

“பாப்பாவுக்குக் காச்சலுங்க நங்கை. இருமல் வேற.”

“அது சரி. மூட்ட எதுக்கு?”

மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நங்கையின் புருஷரும் இடையில் நோய் கண்டு கொட்டகையில் இருந்தார். பத்து நாளாக உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தவர், கம்பம் நட்ட அன்றுதான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டிருந்தார்.

“உன்ற புள்ள புள்ளதான், நான் இல்லைங்கல. ஆனா நீ இன்னிக்கு ராத்திரி அங்க படுத்தீன்னா என்ற ஊட்டுக்காரரு நாளைக்கு எந்திரிக்கமாட்டாரு. உனக்குத் தெரியும் அது. தெரியாதுன்னு சொல்லு, உடறேன்.”

தெரியாது என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது, அவர் “பஸ் போகுதும்மா, ஏறுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். நானும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள். முன்னால் மூங்கில் திறந்திருந்தது. காலை எடுத்து வைக்க முடியவில்லை. துணிக்குள் என் மூச்சே எனக்குச் சூடாக அடித்தது.

நங்கைதான் வழி சொன்னார். மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “வெறுங்கையோட போ. போயிப் பாத்துட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கு வந்துரு. பொழுதோட வந்துட்டா ஆத்தா ஒண்ணுஞ் சொல்லமாட்டா. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்.”

“எருமைக்குத் தண்ணி காட்டோணுமல்லங்க?”

“எருமயப் பத்தி நீ கவலப்படாத. போ சாமி.”

பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள். மஞ்சள் வாய் என்றால் எந்த ஊர் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு முழுச் சீட்டில் தனியாக உட்கார்ந்து போனேன்.

ராசிபுரத்தில் அக்காள் வீட்டு வாசலிலேயே அக்காளின் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தறிச் சத்தம் இல்லை. “தப்பா நெனச்சுக்காத அம்மணி. ஊட்டுல பட்டு இருக்குது, நாலு பேரு பாவு நூலுக்கு வந்து போறாங்க. பஸ்ஸுல உன்னப் பாத்தேன்னு இப்பவே ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. புள்ளய இங்கயே வெச்சுப் பாரு.” அவர் முகத்தில் கோபம் இல்லை. அவமானந்தான் இருந்தது.

அக்காள் குழந்தையைக் கம்பளியில் சுற்றி வாசற்படிக்குத் தூக்கிவந்தாள். நான் தெருவில் நின்றேன். குழந்தை கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தது. பிறகு அக்காளின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“அம்மாடி, யாரு வந்திருக்கறா பாரு” என்றாள் அக்காள்.

“அம்மாவுக்கு வாயி எங்க?”

துணியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினால் போதும். அந்த இருமலுக்கு முன்னால் என் வாயைத் திறக்க எனக்குப் பயம். என் மூச்சில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. காப்பை நடுவில் அவிழ்க்கவும் கூடாது. “இங்கதான் இருக்குது கண்ணு” என்று துணிக்குள்ளிருந்தே சொன்னேன். குரலைக் கேட்டுத் திரும்பியது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நெற்றியைத் தொட்டேன். முந்தானையைத் தாண்டிச் சுட்டது.

“நெறி கட்டிருக்குதா பாத்தியா?”

“பாத்தேன்டி. இடுக்குல ஒண்ணுமில்ல. காச்சல்தான். ரெண்டு தடவ வாந்தி எடுத்தா.”

நெறி இல்லை என்பதில் அந்த வருஷம் ஆறுதல் இல்லை. அது அக்காளுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. தெருவிலேயே, எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். குழந்தை தூங்குவதும் விழித்துக் கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டுவதுமாக இருந்தது. அக்காள் எனக்கு இலையில் சோறு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். துணியைத் தூக்கிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிச் சாப்பிட்டேன் என்று பேர்.

சாயங்காலம் பஸ் ஹாரன் கேட்டது. அக்காள் வாசற்படியை விட்டு இறங்கி வந்துவிட்டாள்.

“எங்கடி போற? பெத்தவ நீ, புள்ள இப்பிடிக் கெடக்குது! அந்த ஊருல யாரு இருக்கறா உனக்கு? வாசல்லயே ஒரு பாய் போடறேன், படுத்துக்க. அவரு ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு.”

“நங்கை மூங்கில்ல உக்காந்திருக்கறாங்க அக்கா.”

“உக்காந்திருந்தா உக்காந்திருக்கட்டும்! நங்கையாம் நங்கை!”

அக்காள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றுவரைக்கும் அவள் அதைச் சொல்லிக்காட்டுகிறாள், நான் பதில் பேசுவதில்லை. என் கண்ணுக்கு முன்னால் என் குழந்தை இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் கொட்டகையில் ஒருவர் கிடந்தார். அவர் செத்தால் அது நான் தங்கிய ராத்திரியாக இருக்கும். குழந்தைக்கு ஒன்று ஆனால் அது நான் போன ராத்திரியாக இருக்கும். நான் யோசித்து முடிக்கவில்லை. ஹாரன் இரண்டாவது தடவை கேட்டதும் கால்தான் எழுந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ் பாலத்தில் நின்றபோது வெயில் பனைமரத்து உச்சியில் இருந்தது. நங்கை மூங்கிலுக்குப் பக்கத்தில், என் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வந்துட்டயா சாமி. எப்பிடி இருக்குது?”

“அப்பிடியேதானுங்க இருக்குது.”

நங்கை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் போலீஸ்காரர் மூங்கிலை இறக்குகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் குழந்தையின் முதுகில் நாலைந்து முத்து போட்டிருப்பதாகக் கண்டக்டர் வந்து சொன்னார். சின்னம்மைதானாம், பிளேக் இல்லையாம். அக்காள் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு வெளியூர் ஆட்கள் போகக்கூடாது என்பதால் அன்றைய பஸ்ஸில் நான் ஏறவில்லை. மத்தியானம் வரைக்கும் மஞ்சள் அரைத்தேன்.